துணை வட்டாட்சியரின் கையெழுத்து

2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் காவல்துறை மக்களைச் சுட்டது. மறுநாளும் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். காவல் வாகனத்தின் மேல் ஏறி நின்று குறிபார்த்த சீருடையில்லாத காவலரை நாடே காணொளியில் பார்த்தது. சுட்டது யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. சுடச் சொன்னது யார் என்று கேட்டபோதுதான் விசித்திரமான பதில் வந்தது. அந்த வாரம் வெளியே தெரியவந்த முதல் தகவல் அறிக்கைகளின்படி, உத்தரவு கொடுத்தவர்கள் துணை வட்டாட்சியர் நிலையில் இருந்த மூவர். ஒருவர் தேர்தல் பிரிவைக் கவனித்த தனித் துணை வட்டாட்சியர், இன்னொருவர் மண்டலத் துணை வட்டாட்சியர், மூன்றாமவர் கோட்டக் கலால் அலுவலர்.

தென்மண்டல ஐ.ஜி., நெல்லைச் சரக டி.ஐ.ஜி., மாவட்டக் கண்காணிப்பாளர் ஆகிய மூவரும் பொறுப்பிலிருந்த ஒரு நாளில், சாதிச் சான்றிதழும் வாக்காளர் பட்டியலும் பார்த்துக்கொண்டிருந்த அலுவலர்கள் 13 உயிர்களுக்குக் காகிதப் பொறுப்பாளிகள் ஆனார்கள். வருவாய்த்துறையில் கொஞ்ச காலமாவது வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு துணை வட்டாட்சியர் டி.ஐ.ஜி.யைப் பார்த்து ‘சுடுங்கள்’ என்றோ ‘சுடாதீர்கள்’ என்றோ சொல்லும் காட்சியை அவர்களால் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஆனாலும் ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில், இந்தியாவிலும்தான், போராட்டக்காரர்கள் மீதான துப்பாக்கிச் சூட்டுக்கு அரசு பதில் சொல்வதில்லை என்று நாம் பொதுவாகக் குறைப்படுகிறோம். பதில் சொல்லாமல் இருப்பதற்கான ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இந்தக் கையெழுத்திலிருந்து தொடங்குவது நல்லது.

பின்னணி பலருக்கும் தெரிந்ததே. வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் தாமிர ஆலை 1990களின் நடுப்பகுதியிலிருந்து தூத்துக்குடியில் இயங்கியது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி, ஆலை இயங்கலாம் என்றது. அந்தத் தீர்ப்புக்குச் சில நாள் முன்னர்தான் நச்சு வாயு கசிந்ததாக ஊரே புகார் சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூட, பசுமைத் தீர்ப்பாயம் திறக்க, இந்தச் சுற்று நடந்துகொண்டே இருந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தியை 8 லட்சமாக ஆக்கும் விரிவாக்க வேலை தொடங்கியபோது, ஆலையை ஒட்டிய அ.குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மார்ச் 24 அன்று நகரத்தில் பெருங்கூட்டம் திரண்டது. மே 22 போராட்டத்தின் 100ஆம் நாள். அன்று ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேரணி என்று பல வாரங்களுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள்.

இது திடீரென மூண்ட கலவரமல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேதி தெரியும், வழி தெரியும், சேருமிடம் தெரியும், ஏறத்தாழ எத்தனை பேர் வருவார்கள் என்பதும் மார்ச் மாதக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரசு செய்தது என்ன? முந்தின நாள் இரவு சிப்காட், தென்பாகம் காவல் நிலைய எல்லைகளில் 144 தடையாணை போட்டது. மீன்பிடிக் குடியிருப்புகளிலும் கிராமங்களிலும் விடிந்ததும் கிளம்பிவிடக்கூடிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ஆணை எப்படிப் போய்ச் சேரும் என்பது யாருடைய கவலையாகவும் இருந்ததாகத் தெரியவில்லை. மாவட்ட ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார்.

மறுதரப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கற்கள் எறியப்பட்டன. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. ஸ்டெர்லைட் ஊழியர் குடியிருப்பிலும் தீ வைக்கப்பட்டது. காவலர்களும் காயப்பட்டார்கள். கூட்டத்தின் அளவுக்குக் காவலர் எண்ணிக்கை போதவில்லை, வேறு வழியில்லாமல் சுட்டோம் என்பது அரசின் வாதம். ஆட்சியர் அலுவலகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த வாதத்தை உட்கார்ந்து எடைபோடலாம். ஆனால் துப்பாக்கிச் சூடு அங்கே மட்டுமா நடந்தது? இந்திய உணவுக் கழகக் கிடங்கை ஒட்டிய மூன்றாம் மைல் பகுதியில் நடந்தது. பல கிலோமீட்டர் தள்ளி, கடலோரத் திரேஸ்புரத்தில் நடந்தது. மறுநாள் அண்ணா நகரில் நடந்தது. திரேஸ்புரத்தில் இறந்தவர் ஒரு பெண். மகள் வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். ஆட்சியர் அலுவலகத்தைக் காப்பதற்காகத் திரேஸ்புரத்தில் ஏன் சுடவேண்டும்? அண்ணா நகரில் 22 வயது இளைஞரைச் சுட்டபோது எந்தக் கட்டடம் ஆபத்தில் இருந்தது? ‘தவிர்க்க முடியாத’ என்ற அரசு வாசகம் இந்த இடங்களில் நொறுங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அன்று அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்துபோகும்படி ஆணையிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாதபோது சார் ஆய்வாளருக்குக் குறையாத காவல் அதிகாரிக்கும் தந்தது. முதலில் அது சட்டவிரோதக் கூட்டமாக இருக்கவேண்டும், கலையச் சொல்லி ஆணையிட வேண்டும், கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம். அதுவும் படிப்படியாக. காவல்துறையின் நிலையாணைகள் இதை இன்னும் விரித்துச் சொல்கின்றன: எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, எல்லாம் தோற்றால் துப்பாக்கி; அதுவும் இடுப்புக்குக் கீழே குறிபார்த்து, தேவைக்கு மேல் ஒரு குண்டும் கூடாது. நிர்வாக நடுவர் அங்கே இருந்தால் அவர் உத்தரவின்பேரில்தான் சுடவேண்டும்.

நடுவர் என்ற ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்து மிச்சம். ஆயுதம் வைத்திருப்பவனே சுடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூடாது, ஆயுதம் இல்லாத சிவில் அதிகாரி ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது அதன் உட்கருத்து. கருத்து நல்லதுதான். ஆனால் அந்த நிதானம், போலீஸ் அதிகாரியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அந்தஸ்து உள்ளவருக்கே சாத்தியம். 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதானதை ஒட்டித் திருநெல்வேலி கொந்தளித்தபோது களத்தில் நின்றவர் ஆட்சியர் விஞ்ச். நான்கு பேர் உயிரிழந்த அந்தச் சூட்டில் ஏகாதிபத்தியத்தின் முகம் யாருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வெறுப்பதற்காவது ஒரு பெயர் இருந்தது. 110 ஆண்டு கழித்து அதே தென்மாவட்டத்தில், குடியரசு நாட்டில், அந்தப் பெயர் துணை வட்டாட்சியர் வரை இறங்கிவிட்டது. சிறப்பு நிர்வாக நடுவர்களை நியமிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படி நியமிக்கப்படுகிறவர் எவ்வளவு சிறியவராகவும் இருக்கலாம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு உத்தரவை வைத்துப் பாருங்கள். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்கினார்கள். அதற்கு அன்று அமலில் இருந்த 2017ஆம் ஆண்டு விதிகள்படி இணையத்தை நிறுத்தும் அதிகாரம் மாநிலத்தில் உள்துறைச் செயலருக்கு மட்டுமே இருந்தது. தவிர்க்க முடியாத நேரத்தில் இணைச் செயலர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற ஒருவர் உத்தரவிடலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் செயலர் உறுதி செய்யாவிட்டால் அது செல்லாது. காரணத்தை எழுதவேண்டும். மறு ஆய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். வாட்ஸ்அப்பை நிறுத்தக் கோட்டையிலிருந்து உள்துறைச் செயலர் கையெழுத்து போடவேண்டும். ஆளைச் சுடத் துணை வட்டாட்சியர் போதும்; மறு ஆய்வுக் குழு கிடையாது. இந்த முரண்பாட்டை எந்தச் சட்டப் புத்தகமும் தனியாகச் சுட்டிக்காட்டியதாக நான் பார்க்கவில்லை. இரண்டு உத்தரவும் ஒரே ஊருக்கு அடுத்தடுத்த நாளில் பிறந்தவை என்பதால்தான் கண்ணில் உறுத்துகிறது.

துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாளே அன்றைய எடப்பாடி பழனிசாமி அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆட்சியரையும் கண்காணிப்பாளரையும் இடமாற்றம் செய்தது. இழப்பீட்டை முதலில் 10 லட்சம் என்று சொல்லி, பிறகு 20 லட்சம் ஆக்கியது. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவிட்டது. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆலையை மூடக் கோரித்தான் அந்த மக்கள் மனுவோடு நடந்தார்கள். அவர்கள் இறந்து ஒரு வாரத்துக்குள் மூட முடிந்த ஆலையை ஒரு வாரம் முன்னால் மூட என்ன தடை இருந்தது? 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை ஏற்றுக்கொண்டன. அப்படியென்றால் கோரிக்கை நியாயமானதே என்று அரசும் நீதிமன்றங்களும் ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? கோரியவர்களைச் சுட்டதற்கு மட்டும் எவரும் பொறுப்பில்லை.

அருணா ஜெகதீசன் ஆணையம் மெதுவாக நடந்தாலும் உருப்படியான வேலை செய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 2021 மே மாதம், ஆட்சி மாறிய ஒரு வாரத்தில், இடைக்கால அறிக்கையை முதல்வர் மு.க. ஸ்டாலினிடம் தந்தது. 2022 மே 18 அன்று தந்த இறுதி அறிக்கை அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. படித்தால் உறக்கம் போகும் அறிக்கை அது. சுடுவதற்குத் தேவையான ஆத்திரமூட்டல் இல்லை. கலைந்து ஓடிக்கொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டிருக்கிறார்கள். காயங்கள் இடுப்புக்குக் கீழே இல்லை. தலையிலும் மார்பிலும் இருந்தன, பின்புறமிருந்து நுழைந்த குண்டுகளும் உண்டு. இறந்தவர்களில் 17 வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். எச்சரிக்கைகளும் படிநிலைகளும் முறையாகப் பின்பற்றப்படவில்லை. உயரதிகாரிகளுக்குள் ஒருங்கிணைப்பே இல்லை. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டு 17 முறை சுட்டிருக்கிறார். இந்த ஒரு தகவல் போதும். ஆங்காங்கே நின்ற காவலர்கள் பயத்தில் தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்றால் ஒரே ஆள் ஏன் இடம்விட்டு இடம் போகவேண்டும்?

ஐ.ஜி. தொடங்கிக் காவலர் வரை 17 காவல்துறையினர் மீதும், அன்றைய ஆட்சியர் மீதும், உத்தரவில் கையெழுத்திட்ட வருவாய் அலுவலர்கள் மூவர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது ஆணையம். இறந்தவர் குடும்பங்களுக்கு 50 லட்சம் தரச் சொன்னது.

அதோடு நிற்காமல் இன்னும் ஒரு படி மேலேயும் பார்த்தது. துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று பழனிசாமி சொல்லியிருந்தார். உள்துறை அவர் கையில் இருந்த காலம் அது. தலைமைச் செயலரும், காவல்துறைத் தலைவரும், உளவுத்துறை ஐ.ஜி.யும் அவருக்கு அவ்வப்போது தகவல் தந்துகொண்டிருந்தார்கள் என்று சாட்சியங்களை வைத்து ஆணையம் அந்தக் கூற்றை மறுத்தது. அ.தி.மு.க. அறிக்கையை ஏற்கவில்லை. அது அரசியல், விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தொலைக்காட்சி வாசகத்தின் தர்க்கத்தைப் பாருங்கள். மேலே இருப்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்கிறார், கீழே இருப்பவர் ‘எனக்குச் சொன்னார்கள், கையெழுத்திட்டேன்’ என்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவேண்டுமானால் நடுவில் யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த நடுவில் இருந்தவர்கள் சீருடை அணிந்த உயரதிகாரிகள். அவர்கள் பெயர் உத்தரவுத் தாளில் இல்லை.

விசாரணை ஆணையம் என்ற கருவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் ஆணையம் உண்மையைக் கண்டு சொல்லலாம், தண்டிக்க முடியாது. அதன் முடிவுகள் பரிந்துரை மட்டுமே என்று 1958இலேயே, ராமகிருஷ்ண டால்மியா வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை, பொய்சாட்சி வழக்கைத் தவிர வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அதைச் சட்டமன்றத்தில் வைக்கவேண்டும். அவ்வளவுதான் அரசுக்குக் கட்டாயம். எனவே ஆணையம் அமைப்பது பல சமயம் காலம் கடத்தும் வழியாகவே இருந்திருக்கிறது.

நெல்லையில் 1999 ஜூலை 23 அன்று நடந்ததும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிய பேரணிதான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்கப் போனவர்கள் தாமிரபரணிக் கரையில், கொக்கிரகுளத்தில் அடித்து விரட்டப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள்; ஆற்றுக்குள் துரத்தப்பட்டவர்களே அவர்களில் அதிகம். ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. நீரில் மூழ்கினார்கள், சரி. நீருக்குள் ஏன் போனார்கள்? 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் தலித் மக்கள் மீது நடந்த சூட்டை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் காவல்துறையின் செயலை நியாயப்படுத்தியது. இந்த வரிசையில் அருணா ஜெகதீசன் அறிக்கை விதிவிலக்கு. அது எவரையும் பூசிமெழுகவில்லை, பெயர் சொன்னது, பதவி சொன்னது. ஒரு விசாரணை ஆணையத்திடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்கவேண்டும். மோசமான ஆணையத்தால் நீதி கிடைக்கவில்லை என்பது பழைய கதை. நல்ல ஆணையத்தாலும் கிடைக்கவில்லை என்பது தூத்துக்குடி சொல்லும் புதிய பாடம்.

அறிக்கை வெளியானதும் நான்கு பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்: சம்பவத்தின்போது ஆய்வாளராக இருந்த ஒருவர், காவலர்கள் மூவர். மற்றவர்கள் மீது துறைவாரி நடவடிக்கை என்றார்கள். 50 லட்சம் பரிந்துரைக்கப்பட்ட இடத்தில், ஏற்கெனவே தந்த 20 லட்சத்தோடு மேலும் 5 லட்சம் அறிவிக்கப்பட்டது. பட்டியலில் இருந்த உயரதிகாரிகள் சிலர் இடைப்பட்ட ஆண்டுகளில் பதவி உயர்வும் பெற்றிருந்தார்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது ‘சுட உத்தரவிட்டது யார்’ என்று சட்டமன்றத்தில் முழங்கியவர்கள்தான் ஆட்சிக்கு வந்து இந்த அறிக்கையைக் கையில் வாங்கினார்கள். போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளில் பலவற்றைத் திரும்பப் பெற்றார்கள், இறந்தவர் குடும்பத்தினருக்குப் படிப்புக்கேற்ற அரசு வேலை கொடுத்தார்கள். இவை நல்ல காரியங்கள், மறுக்க வேண்டியதில்லை. காவல்துறையின் உயர்மட்டத்தைத் தொடும் விஷயத்தில் மட்டும் இரண்டு ஆட்சிகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காவல்துறையை நாளை தானும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பது எந்த ஆட்சிக்கும் மறப்பதில்லை.

மற்ற கதவுகளும் இப்படித்தான். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, குழுவை அனுப்பியது, 2018 அக்டோபரிலேயே முடித்துக்கொண்டது. இழப்பீடு கொடுத்தாயிற்று, விசாரணை ஆணையமும் இருக்கிறது என்பது அதற்குப் போதுமானதாக இருந்தது. மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி திபேன் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். உயிருக்கு விலை கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாது என்ற கருத்தை 2021இல் அன்றைய தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி வெளிப்படையாகவே சொன்னார். 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்திருந்தது. 2024 ஜூலையில் திபேனின் வழக்கை விசாரித்த அமர்வு, சி.பி.ஐ. விசாரணை சுதந்திரமாக நடக்கவில்லை என்று கடுமையாக அதிருப்தி தெரிவித்தது. சம்பவம் நடந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

காவல்துறை மீது புகார் சொல்லத் தனி அமைப்பு வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைவராக வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் ஒரு சட்டம் இயற்றியது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், உடன் காவல்துறைத் தலைவர். மாவட்ட அளவில் தலைவர் ஆட்சியர், உறுப்பினர் காவல் கண்காணிப்பாளர். தூத்துக்குடிக்காரர் ஒருவர் மே 22 பற்றி இந்த அமைப்பில் புகார் கொடுக்க நினைத்திருந்தால் யாரிடம் போய் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 2012 ஆகஸ்ட் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் மரிகானாவில், லோன்மின் பிளாட்டினச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டு 34 பேரைக் கொன்றது. அதற்கு முந்தைய நாட்களில் காவலர் இருவர் உட்பட 10 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள், பதற்றம் உண்மையானது. அங்கும் இரண்டு இடங்கள். முதலிடத்தில் கேமராக்களுக்கு முன் 17 பேர். சில நூறு மீட்டர் தள்ளி, பாறைகளுக்கிடையே ஒளிந்தவர்களைத் தேடிச் சுட்டதில் இன்னும் 17 பேர். பார்லம் ஆணையம் துப்பாக்கி வெடித்த நிமிடத்தை மட்டும் ஆராயவில்லை, முந்தின இரவுக்குப் போனது. தொழிலாளர்களை ஆயுதபலத்தோடு கலைக்கும் முடிவை முந்தின நாள் மாலை தேசியக் காவல் தலைமையின் கூட்டம் எடுத்திருந்ததைக் கண்டுபிடித்தது. தேசியக் காவல் ஆணையர் ரியா பியேகா பதவிக்குத் தகுதியானவரா என்று தனியாக விசாரிக்கச் சொன்னது. அந்த விசாரணைக் குழு தகுதியற்றவர் என்றே முடிவு சொல்லியது. அந்த 34 சாவுகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை, அந்த நாட்டின் கதையும் சோகம்தான். என்றாலும் விசாரணை எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை மரிகானா காட்டியது: விசையிலிருந்து முடிவை நோக்கி, கீழிருந்து மேலே.

நம்மூரில் அரசியல் பொறுப்பு என்ற எண்ணமே பிறக்கவில்லையா என்றால், பிறந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே பிறந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில், தமிழ்நாட்டோடு இணையக் கோரிப் போராடிய தமிழர்கள் மீது காவல்துறை சுட்டது, பலர் மாண்டார்கள். ஆட்சியில் இருந்தது பிரஜா சோசலிஸ்ட் கட்சி, முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. அந்தக் கட்சியின் பொதுச்செயலர் ராம் மனோகர் லோகியா உத்தரப்பிரதேசத்தில் நீர்வரிப் போராட்டத்துக்காக நைனி சிறையில் இருந்தார். சிறையிலிருந்தபடியே, தன் கட்சி அமைச்சரவை பதவி விலகவேண்டும் என்று கேட்டார். சுதந்திர நாட்டு அரசு, ஆயுதமற்ற தன் மக்கள் மீது சுட்டுவிட்டு ஆட்சியில் நீடிக்கக்கூடாது என்பது அவர் வாதம். கட்சிக்குள் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. அமைச்சரவையும் விலகவில்லை. லோகியாதான் பொதுச்செயலர் பதவியை விட்டார், அடுத்த ஆண்டு கட்சி பிளந்தது. அவருடைய கோரிக்கையில் ஒரு மிகை உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எல்லாச் சூட்டுக்கும் அமைச்சரவை கவிழவேண்டுமென்றால் ஆட்சி நடக்காது என்று நடைமுறைவாதிகள் சொல்வதிலும் பொருளிருக்கிறது. ஆனால் எந்த அதிகாரி உத்தரவிட்டார், எத்தனை ரவுண்டு சுட்டார்கள் என்பதற்கு முன்னால் லோகியா கேட்டது ஆட்சியின் தலைமை என்ன பதில் சொல்கிறது என்பதை. அந்த வரிசை முக்கியம். நாம் இன்று அதைத் தலைகீழாக்கிக் காவலரிடம் தொடங்கி ஆய்வாளரோடு முடிக்கிறோம்.

சட்டத்தில் மாற்றவேண்டியவை உண்டு. சிறப்பு நிர்வாக நடுவராக உட்கோட்ட நடுவர் நிலைக்குக் கீழே எவரையும் துப்பாக்கிச் சூட்டு உத்தரவுக்கு நியமிக்கக்கூடாது என்று மாநில அரசு ஓர் அரசாணையிலேயே சொல்லிவிடலாம். களத்தில் இருக்கும் காவல்துறையின் மூத்த அதிகாரி, தான் கேட்டது என்ன, நடுவர் சொன்னது என்ன, எத்தனை மணிக்கு என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று நிலையாணையைத் திருத்தலாம். கம்பியில்லாத் தகவல் பதிவுகளை அன்றே நீதித்துறை நடுவரிடம் ஒப்படைக்கச் சொல்லலாம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பது. இவற்றுக்கு டெல்லியைக் கேட்கவேண்டியதில்லை.

ஆனால் தூத்துக்குடியில் நடந்ததற்கு வழக்குத் தொடர எந்தத் திருத்தமும் தேவையில்லை, அரசின் அனுமதிதான் தேவை. கூட்டத்தைக் கலைக்கும் பணியில் செய்தவற்றுக்காக ஒருவர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பு 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 132ஆம் பிரிவாக இருந்தது. 1973இல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அதே எண்ணில் தொடர்ந்தது. காலனியச் சட்டங்களை ஒழிக்கிறோம் என்ற அறிவிப்போடு 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 151ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. ராணுவத்தினர் என்றால் மத்திய அரசின் அனுமதி. காவல்துறையினர் என்றால் மாநில அரசின் அனுமதி. துணை வட்டாட்சியர்கள் ஒரு பிற்பகலில் கையெழுத்துப் போட்டார்கள். உள்துறை போடவேண்டிய கையெழுத்துக்குத் தேவையான பெயர்கள், பதவிகள், இடங்கள், சுட்ட முறைகள் எல்லாம் 2022 அக்டோபர் 18 முதல் சட்டமன்ற ஆவணமாகவே இருக்கின்றன.